வணிகக்குறி: பழைய பதிவை எடைக்குப் போடலாமா?

ஈரோட்டில் ஒரு மசாலா நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி நிறுவனங்கள் நம் ஊரில் ஏராளம். 2006-இல் மலேசியாவுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியபோதே கோலாலம்பூரில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து, தங்கள் டிரேட்மார்க்கை, அதாவது வணிகக்குறியை, அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2016-இல் புதுப்பித்தார்கள். 2022-இல் ஜெனீவா வழியாக ஒரு சர்வதேசப் பதிவு எடுத்தார்கள். ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா. போகிற போக்கில் மலேசியாவையும் டிக் அடித்தார்கள்.

2026 வந்ததும் கோலாலம்பூர் ஏஜென்ட்டிடமிருந்து ஒரு மின்னஞ்சல். பழைய பதிவு காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்கவா வேண்டாமா?

கணக்கு பார்ப்பவர் கேட்பது நியாயமான கேள்வி. "அதான் 2022-லயே மலேசியாவுக்கும் சேர்த்து எடுத்தாச்சே சார், ஒரே பேருக்கு ரெண்டு தடவை எதுக்குப் பணம் கட்டணும்?" இந்தக் கேள்விக்குச் சர்வதேச வணிகக்குறிச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயர் ரீப்ளேஸ்மென்ட், தமிழில் பதிலீடு. புதிய சர்வதேசப் பதிவு, பழைய உள்நாட்டுப் பதிவின் இடத்தில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது விதி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த மின்னஞ்சலுக்கு "வேண்டாம்" என்று பதில் போடுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முதலில் அந்தச் சர்வதேசப் பதிவு என்ன என்று பார்த்துவிடலாம். உலகம் முழுவதும் செல்லும் ஒரே டிரேட்மார்க் என்று எதுவும் கிடையாது. இருப்பது மாட்ரிட் முறை. சொந்த நாட்டில் ஒரு விண்ணப்பமோ பதிவோ இருந்தால், அதை அடிப்படையாக வைத்து, ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே விண்ணப்பம் போடலாம். எந்தெந்த நாடு வேண்டும் என்று அதிலேயே குறிப்பிடலாம். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்தில் என்றால் 903. அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம். ஜெனீவா பதிவேட்டில் ஏற்றி எல்லா நாடுகளுக்கும் தெரிவிக்கும். ஆனால் பாதுகாப்புக் கொடுப்பதா மறுப்பதா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். ஆக, பேச்சுக்கு இது ஒரு பதிவு. உள்ளே பிரித்துப் பார்த்தால் நாட்டுக்கு ஒன்றாக ஒரு கொத்து உரிமைகள்.

இந்த முறை 1891-இல் மாட்ரிட் ஒப்பந்தமாகத் தொடங்கியது. அதன்கீழ் 1893-இல் ஏறிய முதல் பதிவு சுவிட்சர்லாந்தின் சுஷார்ட் சாக்லெட்டுடையது. இன்று நடைமுறையில் இருப்பது 1989-இல் கையெழுத்தாகி 1996 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய மாட்ரிட் நெறிமுறை. இந்தியா இதில் சேர்ந்தது 2013 ஜூலை 8-ஆம் தேதி. மலேசியா இன்னும் தாமதம், 2019 டிசம்பர் 27. இந்தத் தாமதத்தால்தான் நம் ஈரோட்டுக்காரருக்கு இந்தச் சிக்கலே வந்தது. 2006-இல் அவருக்கு மாட்ரிட் வழியே இல்லை. இந்தியாவும் உள்ளே இல்லை, மலேசியாவும் இல்லை. நேராகப் போய்த்தான் பதிந்தாக வேண்டும். சேர்ந்த பிறகு எடுத்த சர்வதேசப் பதிவு அதே நாட்டில் அதே குறியின் மேல் வந்து விழுகிறது. ஒரு நாடு மாட்ரிட்டுக்குள் தாமதமாக நுழையும்போதெல்லாம் இப்படி இரட்டைப் பதிவுகள் பெருகும்.

இதை ஆரம்ப காலத்திலேயே யோசித்துவிட்டார்கள். 1900-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த திருத்தத்திலேயே இதற்கென்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அதன் எண் '4 பிஸ்'. பிஸ் என்றால் லத்தீனில் இரண்டாம் முறை. 4-க்கும் 5-க்கும் நடுவில் செருகியதால் வந்த பெயர், நம் தெருவில் நடுவில் முளைத்த வீட்டுக்கு 4-அ என்று கதவு எண் கொடுப்பது மாதிரி. அந்த விதியே இன்றைய நெறிமுறையிலும் இருக்கிறது.

அது சொல்வதன் சாரம் இவ்வளவுதான். ஒரு நாட்டில் ஏற்கெனவே பதிவான குறி, அதே உரிமையாளர் பெயரில் சர்வதேசப் பதிவாகவும் ஆகி, அந்தச் சர்வதேசப் பதிவு அந்த நாட்டுக்கும் பின்னால் விரிந்தால், சர்வதேசப் பதிவு உள்நாட்டுப் பதிவின் இடத்தைப் பிடித்ததாகக் கருதப்படும். பழைய பதிவால் கிடைத்த உரிமைகளுக்கு எந்தக் குறைவும் வராமல்.

இந்தக் கடைசித் துண்டில்தான் விஷயமே இருக்கிறது. டிரேட்மார்க் உலகில் சண்டை வந்தால் முதல் கேள்வி "யார் முன்னால்?" என்பதுதான். நம்மவரின் மலேசியச் சர்வதேசப் பதிவின் வயது 2022-லிருந்து. 2015-இல் அங்கே வேறொருவர் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு பதிவு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். 2022-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், ஏழு வருடம் பின்னால் வந்தவர் நம்மவர். 2006-ஐக் காட்ட முடிந்தால் ஒன்பது வருடம் முன்னால் வந்தவர். பதிலீடு செய்வது இதைத்தான். 2022-இல் பிறந்த பதிவுக்கு 2006-இன் வயதைக் கொடுக்கிறது.

பத்திரப் பதிவில் பழக்கப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, புதுப் பட்டா வாங்கிவிட்டோம். அதற்காகத் தாத்தா வாங்கிய தாய்ப்பத்திரத்தை யாரும் எடைக்குப் போடுவதில்லை. புதுப் பட்டாவுக்கு மதிப்பு வருவதே தாய்ப்பத்திரம் வரை போகும் சங்கிலியால்தான். பதிலீடு என்ற சொல்லைக் கேட்டதும் பழைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது டயர் மாட்டுவது போலத் தோன்றும். அப்படி நினைப்பதில்தான் பிசகு. இங்கே எதுவும் கழற்றப்படுவதில்லை. பழைய பதிவு அந்த நாட்டின் பதிவேட்டில் அப்படியே இருக்கும். உரிமையாளர் விரும்பினால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதை விட்டுக்கொடுத்தால்தான் பதிலீட்டை ஏற்போம் என்று எந்த அலுவலகமும் சொல்லக்கூடாது என்று 2021 நவம்பர் 1 முதல் மாட்ரிட் விதிகளிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். அதற்கு முன் நாட்டுக்கு நாடு பழக்கம் வேறாக இருந்தது.

அதே திருத்தத்தில் இன்னொரு வேடிக்கைக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். புதிய சர்வதேசப் பதிவு பரிசோதனைக்கு வரும்போது, பதிவேட்டில் தேடும் அதிகாரிக்கு முதலில் கண்ணில் படுவது அதே உரிமையாளரின் பழைய பதிவு. அச்சு அசலாக அதே குறி, அதே சரக்கு. உடனே "முன்பே இப்படியொரு குறி இருக்கிறது" என்று மறுப்பு அனுப்பினால் எப்படி இருக்கும்? சொந்த நிழலே வழிமறித்த கதை. பதிலீடு ஆனதாகக் கருதப்படும் பதிவைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது.

சரி, நிபந்தனைகளுக்கு வருவோம். பேப்பரில் படிக்கும்போது எல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும். நம் ஊர்க் குடும்பத் தொழில்களோடு பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது.

இரண்டு பதிவும் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும். 2006-இல் மலேசியாவில் பதிந்தபோது தொழில் அப்பா பெயரில் தனி உரிமையாளர் கடையாக இருந்தது. பிறகு பிரைவேட் லிமிடெட் ஆக்கினார்கள். இந்தியாவில் குறியைக் கம்பெனி பெயருக்கு மாற்றினார்கள், ஆடிட்டர் சொன்னதால். மலேசியாவை யாருக்கும் நினைவில்லை. 2022-இல் சர்வதேசப் பதிவு கம்பெனி பெயரில் வந்தது. வீட்டுக்குள் இருவரும் ஒன்றுதான், அப்பாவும் கம்பெனியும் ஒரே சாப்பாட்டு மேசைதான். பதிவேட்டுக்கு அது தெரியாது. அங்கே இரண்டு தனித்தனி ஆட்கள். உரிமை மாற்றம் எழுதி மலேசியாவில் பதிவாகும் வரை பதிலீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

குறியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 2006-இல் பதிந்தது முழு லேபிள். மஞ்சள் பின்னணி, நடுவில் குத்துவிளக்கு, மேலே தமிழில் பெயர், கீழே ஆங்கிலத்தில் பெயர். 2022-க்குள் ஒரு டிசைனர் வந்து விளக்கை எடுத்துவிட்டு, ஆங்கில எழுத்தை மட்டும் வளைத்து ஒரு நவீன லோகோ போட்டுக் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்கு இரண்டும் அதே மசாலாதான். சட்டத்துக்கு அவை இரண்டு குறிகள். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. நம் நிறுவனங்கள் லேபிளாகவே பதியும் பழக்கம் அதிகம் என்பதால், என் கணிப்பில் மற்ற எதைவிடவும் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள்.

தேதி விஷயம் எளிது. சர்வதேசப் பதிவு அந்த நாட்டில் நடப்புக்கு வரும் தேதி, உள்நாட்டுப் பதிவின் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய பதிவு உயிரோடும் இருக்க வேண்டும். செத்துப்போன பதிவிலிருந்து வயதைக் கடன் வாங்க முடியாது. ஒரு நாட்டை முதலில் விட்டுவிட்டுப் பிறகு சேர்த்திருந்தால், சேர்த்த தேதிதான் கணக்கு.

அப்புறம் சரக்குப் பட்டியல். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிரேட்மார்க் சும்மா ஒரு பெயருக்குக் கிடைப்பதில்லை, இன்னின்ன சரக்குக்கு என்று பட்டியலோடுதான் கிடைக்கும். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடியும் காபித் தூளும் 30-ஆம் வகுப்பு. ஊறுகாய் 29. முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் அழகுப் பொருளாக விற்றால் 3-ஆம் வகுப்புக்குப் போய்விடும். மஞ்சள் ஒன்றுதான், சாம்பாரில் விழுகிறதா கன்னத்தில் விழுகிறதா என்பதைப் பொறுத்து வகுப்பு மாறும்.

நம்மவர் 2006-இல் மலேசியாவில் மசாலாவுக்கும் காபித் தூளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வாங்கியிருந்தார். 2022-இன் சர்வதேசப் பதிவில் காபித் தூள் இல்லை. மறதி அல்ல, போட முடியவில்லை. சர்வதேச விண்ணப்பத்தின் பட்டியல் சொந்த நாட்டு அடிப்படைப் பதிவைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் அவர் பதிந்திருந்தது மசாலாவுக்கு மட்டும்.

இப்போது என்ன ஆகும்? 4 பிஸ் விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், உள்நாட்டுப் பதிவிலுள்ள எல்லாச் சரக்கும் சர்வதேசப் பதிவிலும் இருக்க வேண்டும். ஒரு டப்பா காபித் தூள் விடுபட்டாலும் மொத்தமும் போச்சு என்று சில அலுவலகங்கள் சொல்லிவந்தன. வேறு சில, பொதுவாக உள்ள சரக்குக்கு மட்டும் பதிலீடு உண்டு என்றன. ஜெனீவாவில் இதற்கென உள்ள பணிக்குழு பல ஆண்டு பேசி, பகுதிப் பதிலீடு செல்லும் என்ற முடிவுக்கு வந்தது. 2021 திருத்தத்தில் அது எழுதப்பட்டது, ஆனால் நாடுகள் தங்கள் சட்டத்தைச் சரிசெய்துகொள்ள 2025 பிப்ரவரி 1 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. அதாவது மிக அண்மைக் காலம் வரை, ஒரே கேள்விக்கு இரண்டு நாட்டில் இரண்டு பதில் கிடைக்கலாம் என்ற நிலைதான். இப்போது மசாலாவுக்குப் பதிலீடு, காபித் தூளுக்குப் பழைய பதிவே துணை என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. பழையதில் "மிளகாய்த் தூள், மல்லித் தூள்" என்றும் புதியதில் "மசாலாப் பொருட்கள்" என்றும் இருந்தால், பெரியதுக்குள் சிறியது அடங்கிவிடும்.

இவ்வளவும் பொருந்தினால் பதிலீடு தானாக நடந்துவிடுகிறது. யாரும் மனுக் கொடுக்க வேண்டாம். ஆனால் தானாக நடந்த ஒன்று வெளியே யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் விதியின் இரண்டாம் பகுதி. உரிமையாளர் கேட்டால், அந்த நாட்டு அலுவலகம் நிபந்தனைகளைச் சரிபார்த்துவிட்டுத் தன் பதிவேட்டில் குறிப்பு ஏற்ற வேண்டும். பிறகு ஜெனீவாவுக்குத் தெரிவிக்கும், அங்கும் பதிவாகும். எந்தச் சர்வதேசப் பதிவு, எந்தப் பழைய எண், எந்தத் தேதி, எந்தச் சரக்கு என்பதெல்லாம் அதில் வரும். வில்லங்கச் சான்றில் ஒரு வரி ஏறுவது போலத்தான் இது. அந்த வரி இல்லாவிட்டாலும் உரிமை உரிமைதான். இருந்தால், நாளை நம் பெயரைத் தேடிப் பார்க்கும் போட்டியாளருக்கு 2022-க்குப் பின்னால் 2006 நிற்பது தெரியும். இல்லாவிட்டால் சண்டை வந்த பிறகு நாம்தான் நீதிமன்றத்தில் நிபந்தனை ஒவ்வொன்றையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஆகவே குறிப்பு ஏற்றுவதில் சோம்பல் கூடாது என்பதே என் கட்சி. கோரிக்கையை அந்த நாட்டு அலுவலகத்திடமே நேராகக் கொடுக்கலாம்.

இப்போது திரும்பவும் கணக்குப்பிள்ளையின் கேள்வி. எல்லா நிபந்தனையும் பொருந்தி, குறிப்பும் ஏறிவிட்டது என்றே வைப்போம். பழையதை விட்டுவிடலாமா?

இங்கேதான் ஐந்து ஆண்டுக் கண்டம் வருகிறது. சர்வதேசப் பதிவு முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சொந்த நாட்டு அடிப்படைப் பதிவைச் சார்ந்தே இருக்கும். அந்தக் காலத்துக்குள் அடிப்படை விழுந்தால், அல்லது அதற்குள் தொடங்கிய வழக்கு பிறகு முடிந்து விழுந்தாலும், சர்வதேசப் பதிவு எல்லா நாட்டிலும் ஒரே நாளில் விழும். வேரை வெட்டினால் கிளைகள் தனித்தனியாகப் பிழைப்பதில்லை. எதிராளிக்கு இது பெரிய வசதி. ஐந்து நாட்டில் ஐந்து வழக்குப் போட வேண்டாம், இந்தியாவில் ஒன்று போதும். இந்தியாவில் விண்ணப்ப நிலையில் உள்ள குறியை வைத்தே சர்வதேச விண்ணப்பம் போடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த விண்ணப்பம் வணிகக்குறி ஜர்னலில் வெளியான பிறகு நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்தால் அது முடிய எத்தனை வருடம் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

விழுந்தால் கைகொடுக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சட்டம் அப்போது காப்பாற்றித் தருவது சர்வதேசப் பதிவின் தேதியை, அதாவது 2022-ஐ. 2006-ஐப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. பழைய பதிவு உயிரோடு இருந்தால் இந்தக் கவலையே இல்லை. அது அடிப்படைப் பதிவைச் சாராமல் தன் காலில் நிற்பது. மரம் சாய்ந்தாலும் அது சாயாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு பங்காளி விதி இருக்கிறது. அங்கே ஒன்றியம் முழுவதற்குமான குறி எடுப்பவர், பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ தனக்கு முன்பே உள்ள பதிவின் மூப்பைக் கோரலாம். கோரிவிட்டு அந்த நாட்டுப் பதிவைக் கைவிட்டாலும், அது தொடர்ந்து இருந்திருந்தால் என்ன உரிமை இருந்திருக்குமோ அதே உரிமை உண்டு என்று சட்டம் வாய்திறந்து சொல்கிறது. 4 பிஸ் அப்படிச் சொல்வதில்லை. பெற்ற உரிமைகளுக்குக் குறைவில்லை என்கிறது, சரி. பழைய பதிவைச் சாகவிட்ட பின், அந்த உரிமை எவ்வளவு காலம் எந்த அளவுக்கு நிற்கும் என்பதை விரித்துச் சொல்லாமல் அந்தந்த நாட்டின் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிடுகிறது. நூறு ஆண்டுக்கு மேலான விதி இன்னும் பரவலாகப் பயன்படாமல் இருப்பதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வக்கீல்களைக் கேட்டால் பெரும்பாலும் "எதற்கு வம்பு, புதுப்பித்துவிடுங்கள்" என்பார்கள்.

இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். நம் வணிகக்குறிச் சட்டத்தில் 2010 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 4-ஏ அத்தியாயத்தில் பதிலீடு இடம்பெற்றிருக்கிறது. கேட்டால் பதிவாளர் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இருக்கிறது. ஒரு நெளிவு உண்டு. 2013 ஜூலை 8-க்கு முன் பிறந்த சர்வதேசப் பதிவுகளை இந்தியாவுக்கு விரிக்க முடியாது என்று சேரும்போதே இந்தியா அறிவித்துவிட்டது. ஆக, முப்பது வருடமாக இங்கே உள்நாட்டுப் பதிவு வைத்திருக்கும் ஒரு ஜெர்மன் நிறுவனம், தன் 1998-ஆம் வருட சர்வதேசப் பதிவைக் கொண்டுவந்து அதன்மேல் உட்காரவைக்க முடியாது. புதிதாக ஒன்று எடுத்துத்தான் வர வேண்டும்.

பழைய பதிவைக் கைவிடுமுன் பார்க்க வேண்டியது டிரேட்மார்க் அலுவலகத்தோடும் முடிவதில்லை. அந்த எண்ணை எங்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்? மலேசிய விநியோகஸ்தரோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கலாம். போலிச் சரக்கைத் தடுக்கச் சுங்கத்துறையில் கொடுத்திருக்கலாம். ஆன்லைன் கடையில் பிராண்டைச் சேர்த்தபோது கொடுத்திருக்கலாம். எண் செத்தால் அவை எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

ஈரோட்டுக்காரருக்கு இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சர்வதேசப் பதிவு 2022, சார்ந்திருக்கும் காலம் 2027 வரை. பழைய பதிவு காலாவதியாவது 2026. ஒரு வருட இடைவெளியில், சரியாகக் கண்டம் முடியாத நேரத்தில் அந்த மின்னஞ்சல் வந்திருக்கிறது. காபித் தூளுக்கு வேறு நாதி இல்லை. பழைய லேபிளும் புதிய லோகோவும் ஒரே குறி அல்ல. போதாக்குறைக்கு மலேசியப் பதிவேட்டில் இன்னும் அப்பா பெயர். ஆக, பதிலீடு என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது அவர் விஷயத்தில் இன்னும் நடக்கவே இல்லை. புதுப்பித்தே ஆக வேண்டும். அடுத்த முறை 2036-இல் இதே கேள்வி வரும்போது, இந்தியாவில் பழைய லேபிளையே காபித் தூளுக்கும் சேர்த்துப் பதிந்து, அதை வைத்துப் புதிய சர்வதேசப் பதிவு எடுத்து, பெயரையும் சரிசெய்து, குறிப்பும் ஏற்றியிருந்தால் பதில் வேறாக இருக்கலாம்.

அவர் கோலாலம்பூருக்கு அனுப்பிய பதில் இரண்டு வரி. கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறோம். அப்புறம், பதிவை அப்பா பெயரிலிருந்து கம்பெனி பெயருக்கு மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும்?